ஒரே பைபிளைப் படித்து ஒருவர் அழுகிறார், இன்னொருவர் விலகிப் போகிறார். யார் படித்தது சரி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: "என் அக்கா விசுவாசி. பைபிளைப் படித்துக் கண்கலங்குவார். நண்பர் ஒருவர் அதை முழுசாகப் படித்து முடித்த பிறகுதான் நம்பிக்கையை விட்டேன் என்கிறார். நான் ஆதியாகமத்தில் ஆரம்பித்துப் பெரும்பகுதி படித்துவிட்டேன். பாதி இடத்தில் சலிப்பு, சில இடத்தில் கோபம், எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் ஏதோ தொட்டது. எங்கள் மூவரில் யார் சரியாகப் படித்தோம்? நான் மறுபடி படிக்கலாமா?" ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் தொனியைப் பார்த்தால், உண்மையில் கேட்பது வேறு என்று தோன்றுகிறது. எனக்கு வந்த சலிப்பும் கோபமும் அந்தப் புத்தகத்தைப் பற்றி ஏதாவது சொல்கிறதா, இல்லை அது என் குறையா? அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

பைபிளை இலக்கியமாகவும் பழங்கால ஆவணமாகவும் பல வருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். போதகர் ஆகப் போகிறவர்களும் கடவுளே இல்லை என்பவர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து படிக்கிற வகுப்பு. நான் விசுவாசி. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், என் சாய்வை நீங்கள் கழித்துக்கொண்டு படிக்கலாம். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகப் பட்ட விஷயம் ஒன்று உண்டு. உண்மையிலேயே உட்கார்ந்து படித்தால், நம்புகிறவரும் நம்பாதவரும் தடுக்கி நிற்கிற இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். கண்ணில் படுவதில் அவர்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. பட்டபிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பிரிகிறார்கள்.

நியாயாதிபதிகள் 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லேவியன் (ஆலயப் பணிக்குரிய கோத்திரத்தவன்) தன் மறுமனையாட்டியை (இரண்டாந்தர மனைவியை) வெளியே நிற்கும் கும்பலிடம் தள்ளிவிடுகிறான். விடிந்ததும் வாசற்படியில் கிடக்கிறவளைப் பார்த்து "எழுந்திரு, போகலாம்" என்கிறான். அப்புறம் அவள் உடலைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறான். சிறு வயதிலிருந்து ஆராதனைக்குப் போய் வந்தவர்கள்கூட இதை முதல் தடவை வகுப்பில் படிக்கும்போது "இது பைபிளிலா இருக்கிறது?" என்று கேட்பார்கள். காரணம் எளிது: ஆராதனையில் வாசிக்கத் தேர்ந்தெடுக்கும் பகுதிகளில் இது பெரும்பாலும் வராது. சந்தேகவாதிகளுக்கோ இது ஏற்கெனவே தெரிந்திருக்கும், அவர்கள் கையில் இருக்கும் பட்டியலில் முதல் சில இடங்களுக்குள் இருக்கும். அமலேக்கியரில் கைக்குழந்தையைக்கூட விடாதே என்னும் 1 சாமுவேல் 15, பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்று முடியும் சங்கீதம் 137, அடிபட்ட அடிமை ஒன்றிரண்டு நாள் உயிரோடிருந்தால் அடித்தவனுக்குத் தண்டனை இல்லை, ஏனெனில் அவன் இவனுடைய சொத்து என்று சொல்லும் யாத்திராகமம் 21. இவற்றைப் படித்துக் கோபம் வந்தது என்றால் கவனமாகப் படித்தீர்கள் என்று அர்த்தம். கோபமே வராத விசுவாசியைப் பற்றித்தான் நான் யோசிப்பேன்.

இந்தத் தடுக்கல் புதிதும் அல்ல. நவீன நாத்திகர்கள் கண்டுபிடித்ததாக நினைக்கப்படும் முரண்களில் பலவற்றை ஆரம்பகாலத் திருச்சபையே கண்டு எழுதி வைத்திருக்கிறது. சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தது, புத்தியுள்ள யார் இதை அப்படியே எடுத்துக்கொள்வார் என்று கேட்டவர் 3-ஆம் நூற்றாண்டு கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன். பழைய ஏற்பாட்டின் கடவுளும் இயேசு சொல்லும் தந்தையும் ஒருவராக இருக்கவே முடியாது என்று முடிவு கட்டி, 2-ஆம் நூற்றாண்டிலேயே தனி வழி போனவர் மார்சியன். யூத மரபிலும் இதே கதைதான். எசேக்கியேல் நூல் தோராவோடு (மோசேயின் ஐந்து நூல்களோடு) ஒத்துப்போகவில்லை என்று அதை ஒதுக்கப் பார்த்தார்களாம். அனனியா பென் எசேக்கியா என்கிற ரபி (யூத மத ஆசிரியர்) விளக்குக்காக 300 ஜாடி எண்ணெயைக் கொண்டுபோய் மாடியறையில் உட்கார்ந்து, இரண்டையும் பொருத்திக் காட்டிய பிறகுதான் விட்டார்களாம். ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தால்முத் சொல்லும் கதை இது. எண்ணெய்க் கணக்கை நம்ப வேண்டியதில்லை, ஆனால் சிக்கல் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதற்கு அந்த எண்ணிக்கையே சாட்சி. எதிர்த்தரப்பிலிருந்து ஒரு உதாரணம்: தானியேல் புத்தகம் பாபிலோன் காலத்தில் எழுதப்பட்டதல்ல, கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் யூதர்களை ஒடுக்கிய அந்தியோகுஸ் மன்னனின் கொடுமைகள் நடந்தபோது எழுதப்பட்டது என்று வாதிட்டார் போர்ஃபிரி. கிறிஸ்தவத்தின் கடுமையான எதிரி அவர். அவருடைய புத்தகம் அழிந்துவிட்டது. அந்த வாதம் நமக்குத் தெரிவதே, புனித ஜெரோம் அதை மறுப்பதற்காகத் தன் உரையில் எடுத்து எழுதியதால்தான். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் தேதி விஷயத்தில் போர்ஃபிரி பக்கம்தான் நிற்கிறார்கள்.

சரி, ஒரே இடத்தைப் பார்த்தவர்கள் ஏன் வேறு வேறு திசையில் போகிறார்கள்? எனக்குப் பிடித்த சாட்சி, பிற்காலத்தில் திருச்சபையின் பெரும் இறையியலாளரான அகஸ்டின், ஏனென்றால் அவர் ஒருவரே இரண்டு பக்கத்திலும் நின்றவர். சுமார் 19 வயதில் ரோமானியப் பேச்சாளர் சிசரோவைப் படித்து மயங்கி, அதே வேகத்தில் வேதாகமத்தை எடுத்தார். சிசரோவின் கம்பீரத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூட இது லாயக்கில்லை என்று தோன்றி ஒதுக்கினார். 386-ல் மிலானில் ஒரு தோட்டத்தில் மனம் உடைந்து கிடந்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தைக் குரல் "எடுத்துப் படி" என்று பாடுவது கேட்டு, ரோமருக்கு எழுதிய கடிதத்தைத் திறந்தார். 13-ஆம் அதிகாரத்தில் இரண்டே வசனம். அதற்கு மேல் படிக்க வேண்டியிருக்கவில்லை என்று அவரே எழுதுகிறார். இடையில் பைபிள் மாறவில்லை. அவர் வாழ்க்கை மாறியிருந்தது. அதோடு, பலரும் கவனிக்காத ஒன்று: மிலான் பேராயர் அம்புரோஸின் பிரசங்கங்களைக் கேட்டு, பழைய ஏற்பாட்டின் முரட்டுக் கதைகளை உருவகமாகப் படிக்கலாம் என்று அவர் கற்றிருந்தார். அந்தப் பாடம் இல்லாமல் தோட்டத்துக் குரல் மட்டும் போதுமாயிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

முன்தயாரிப்பே இல்லாமல் அடிவாங்கியவர்களும் உண்டு. பிற்காலத்தில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் பேராயரான ஆந்தனி புளூம் பதின்ம வயதில் மத வெறுப்போடு இருந்தவர். ஒரு பாதிரியார் பேச்சைக் கேட்டு எரிச்சலாகி, இந்த விஷயத்தை ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று நற்செய்திகளை எடுத்தார். நான்கில் எது சிறியது என்று அதிகாரங்களை எண்ணிப் பார்த்து மாற்குவைத் தேர்ந்தெடுத்தார், நேரம் வீணாகக் கூடாதாம். மூன்றாம் அதிகாரத்துக்கு வருவதற்குள் மேசைக்கு அந்தப் பக்கம் கிறிஸ்து நிற்பதாக உணர்ந்தார். இதை அவரே சொல்லியிருக்கிறார். இதில் அவர் உணர்ந்ததாகச் சொன்னது உறுதியான தகவல். மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் நின்றார்களா என்பதை என் துறையின் எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. விசுவாசி என்ற முறையில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஆசிரியர் என்ற முறையில் அதை வகுப்பில் ஆதாரமாக வைக்க மாட்டேன்.

உங்கள் நண்பரின் பாதையும் நன்கு மிதிபட்ட பாதைதான். ஆனால் "பைபிளைப் படித்தேன், நம்பிக்கை போய்விட்டது" என்று சொல்லும்போது நடுவில் பல படிகள் விடுபட்டுப் போகும். அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞர் பார்ட் எர்மன் இதற்கு நல்ல உதாரணம். பைபிளில் ஒரு பிழையும் இல்லை என்று நம்பிப் படிக்கப் போனவர் அவர். மாற்கு 2:26-ல் தாவீது அப்பம் எடுத்தபோது அபியத்தார் பிரதான ஆசாரியன் என்று இருக்கிறது, 1 சாமுவேலிலோ அங்கே இருப்பது அகிமெலேக்கு. இதை எப்படியாவது பொருத்திக்காட்ட நீண்ட கட்டுரை எழுதிக் கொடுத்தார். "மாற்கு தவறியிருக்கலாமே" என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதிய ஒரு வரி அவருக்குள் கதவைத் திறந்துவிட்டது. இதுவரை பலருக்கும் தெரியும். ஆனால் தன் நம்பிக்கையை முடித்துவைத்தவை இந்த முரண்கள் அல்ல, உலகத்தில் இவ்வளவு துன்பம் ஏன் என்ற கேள்விதான் என்று அவரே விளக்கியிருக்கிறார். முரண்பாடுகள் அவரைப் பிழையின்மைக் கொள்கையிலிருந்து மட்டும் வெளியே கொண்டுவந்தன. இவை இரண்டும் வேறு வேறு. அதற்கும் முன்னால், தென்னாப்பிரிக்காவின் நத்தாலில் ஆங்கிலிகன் பேராயராக இருந்த கொலென்சோவிடம், வெள்ளத்தின் கதையை மொழிபெயர்க்க உதவிக்கொண்டிருந்த ஜூலு மனிதர் ஒருவர் "இதெல்லாம் உண்மையா?" என்று கேட்டார். மனசாட்சியோடு "ஆமாம்" சொல்ல முடியாமல் கணக்குப் போட உட்கார்ந்த கொலென்சோ, 1862-லிருந்து ஐந்தாகமத்தை (பைபிளின் முதல் ஐந்து நூல்களை) பற்றி வெளியிட்ட ஆய்வு பெரிய புயலைக் கிளப்பியது. அவர் கடைசிவரை தன்னைக் கிறிஸ்தவராகவே கருதினார். எர்மனும் கொலென்சோவும் தடுக்கிய இடங்கள் ஒரே வகை, போய்ச் சேர்ந்த இடங்கள் வேறு.

நான் பார்த்தவரை, ஒரு வார்த்தைகூடப் பிசகாது என்ற நிபந்தனையோடு நம்பியவர்கள்தான் ஒரு முரணில் உடைகிறார்கள். அப்படி நிபந்தனை வைக்காத விசுவாசி அதே முரணைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். ஆகவே உங்கள் நண்பரிடம் எந்த வசனம் என்று கேட்பதைவிட, படிப்பதற்கு முன் அது எப்படிப்பட்ட புத்தகம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லாமே வாசகரின் மனநிலைதான், புத்தகத்துக்கு ஒரு பங்கும் இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1807-ல் லண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே தேர்ந்தெடுத்த பகுதிகள் கொண்ட ஒரு பைபிள் அச்சானது. பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதி அதில் கிடையாது. எகிப்திலிருந்து அடிமைகள் விடுதலையாகும் கதை இல்லை. "அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை" என்னும் கலாத்தியர் 3:28 இல்லை. "வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்" என்னும் எபேசியர் வசனம் இருக்கிறது. யாத்திராகமத்தை அடிமைகள் படித்தால் என்ன உணர்வார்கள் என்பது வெட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாவிட்டால் கத்தரிக்கோலுக்கு என்ன வேலை? இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பாட்டி. அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹவர்டு தர்மனின் பாட்டி அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் சிறுவயதில் அவருக்கு பைபிள் வாசித்துக் காட்டுவார். பவுலின் கடிதங்களை மட்டும் பாட்டி வாசிக்க விடமாட்டார். எப்போதாவது அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-க்கு மட்டும் அனுமதி. பல வருடம் கழித்துக் காரணம் கேட்டபோது சொன்னார்: எஜமானன் கூட்டிவரும் போதகர் எப்போதும் பவுலின் "அடிமைகளே, கீழ்ப்படியுங்கள்" என்பதையே எடுத்துப் பிரசங்கிப்பார். தான் விடுதலையாகி, படிக்கக் கற்றால் அந்தப் பகுதியைப் படிக்கவே மாட்டேன் என்று அன்றே முடிவு செய்தாராம். இந்தப் பாட்டி விசுவாசியா, விமர்சகரா? இரண்டும்தான். உங்கள் அக்கா, நண்பர் என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கும் இரண்டு பெட்டிக்குள் இவரை அடைக்க முடியாது.

பிடித்ததை வைத்துக்கொண்டு மீதியைக் கழிப்பதை அறிஞர்களும் செய்திருக்கிறார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் நற்செய்திகளைக் கத்தியால் வெட்டி, அற்புதங்களை விலக்கி, இயேசுவின் போதனையை மட்டும் ஒட்டி வைத்துக்கொண்டார். அவர் அதை முடித்த 1820 வாக்கில்தான் கல்கத்தாவில் ராம்மோகன் ராயும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு தொகுப்பை வெளியிட்டு, செராம்பூர் மிஷனரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு அந்தத் தொகுப்புகளில் ஈடுபாடு இல்லை. முட்களை எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுகிற இயேசு எல்லோருக்கும் சம்மதமான நல்லவராகிவிடுகிறார். அப்படிப்பட்டவரை யாரும் சிலுவையில் அறைய மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் சலிப்புக்கு வருகிறேன். அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதே இல்லை. காந்தி லண்டனில் படித்தபோது ஒருவரிடம் பைபிள் வாங்கினார். ஆதியாகமத்தைத் தாண்டிய பிறகு தூக்கம்தான் வந்தது என்றும், படித்தேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே மீதியைத் தள்ளினேன் என்றும், எண்ணாகமம் பிடிக்கவே இல்லை என்றும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே மனிதருக்கு மலைப்பிரசங்கம் நேராக நெஞ்சில் போய் இறங்கியது. உங்களுக்கு நடந்ததும் இதுதானே? சலிப்புக்குக் காரணம் உள்ளே இருக்கிறது. யாத்திராகமத்தின் பின்பாதி ஆசரிப்புக் கூடாரத்தின் (பாலைவனத்தில் சுமந்துசென்ற வழிபாட்டுக் கூடாரத்தின்) அளவுகளை ஒரு தடவை கட்டளையாகவும் இன்னொரு தடவை வேலையாகவும் சொல்கிறது. லேவியராகமத்தின் பெரும்பகுதி பலி, தீட்டு, சுத்தம் பற்றிய சட்டம், ஆசாரியர்களுக்கு வேண்டிய நடைமுறை. எண்ணாகமம் 7-ல் பன்னிரண்டு கோத்திரத் தலைவர்கள் அச்சுமாறாமல் ஒரே காணிக்கையைக் கொண்டுவருகிறார்கள், பன்னிரண்டு தடவையும் முழுப்பட்டியல் வருகிறது. இவை தனியாக உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கிற ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற வரி இருப்பதும் அந்த லேவியராகமத்தில்தான் என்பது வேறு விஷயம்.

சந்தேகவாதிகள் அசந்துபோகும் இடங்களையும் சொல்ல வேண்டும். வகுப்பில் நான் அதிகம் ரசிப்பது அதைத்தான். நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே முடிவு, எல்லாம் மாயை என்று சொல்லும் பிரசங்கி நூலின் ஆசிரியரைப் படித்துவிட்டு "இவரை எப்படி உள்ளே விட்டார்கள்?" என்பார்கள். சங்கீதங்களில் புலம்பல் நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கை வரி வரும். 88-ஆம் சங்கீதம் மட்டும் இருளிலேயே முடிந்துவிடும், ஆறுதல் எதுவும் கிடையாது. யோபுவில் கடவுளை நீதிமன்றத்துக்கு இழுக்காத குறையாக யோபு கேள்வி கேட்கிறார். கடவுளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் நண்பர்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது அந்த நண்பர்கள்மேல்: என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். விசுவாசத்தைப் பாதுகாப்பதாக நினைத்துக்கொண்டு கேள்வி கேட்பவரின் வாயை அடைக்கிற எவருக்கும் அந்த 42-ஆம் அதிகாரத்தைக் காட்டுவேன்.

எது உறுதி, எது விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்வதும் என் கடமை, ஏனென்றால் பலருடைய உணர்ச்சி இதைத் தெரிந்துகொள்ளும்போதுதான் மாறுகிறது. மாற்கு 16:9 முதல் 20 வரையிலான வசனங்கள் 4-ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. விபச்சாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவானின் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. மத்தேயுவும் லூக்காவும் தரும் வம்சாவளிகள் பொருந்தவில்லை. மத்தேயுவில் யூதாஸ் தூக்குப் போட்டுக்கொள்கிறான், அப்போஸ்தலர் நடபடிகளில் தலைகீழாய் விழுந்து வயிறு வெடிக்கிறான். இவை கண்ணால் பார்க்கக்கூடியவை, நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பவுல் பெயரில் உள்ள கடிதங்களில் ஏழு அவருடையவை என்பதில் அநேகமாக யாருக்கும் சந்தேகம் இல்லை, மற்றவற்றில் இழுபறி தொடர்கிறது. யாத்திராகமம் சொல்லும் அளவில் ஆறு லட்சம் ஆண்கள் பாலைவனத்தைக் கடந்ததற்குத் தொல்லியல் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அதன் பின்னால் சிறிய அளவில் ஏதோ ஒரு நிகழ்வு இருந்ததா என்பதில் நேர்மையான ஆய்வாளர்களே பிரிந்து நிற்கிறார்கள். எதிர்ப்பக்கமும் அவசரப்படக் கூடாது: தாவீது வெறும் கற்பனை என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1993-ல் வட இஸ்ரேலில் தெல் தான் என்ற இடத்தில் "தாவீதின் வீடு" என்று பொறித்த கல் கிடைத்தது. அது தாவீதின் கதைகள் எல்லாம் நடந்தன என்று நிரூபிக்கவில்லை, அந்தப் பெயரில் ஒரு அரச வம்சம் அறியப்பட்டிருந்தது என்று மட்டும் காட்டுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். அக்காவின் கண்ணீர் அந்தப் புத்தகம் கடவுளுடையது என்று நிரூபிக்காது. நண்பரின் விலகல் அது மனிதனுடையது மட்டும்தான் என்றும் நிரூபிக்காது. பிற மத நூல்களைப் படித்து அழுகிறவர்களும் விலகுகிறவர்களும் இதே அளவு உண்மையானவர்கள். ஆனால் யார் ஒழுங்காகப் படித்தார் என்று ஓரளவு சொல்ல முடியும். பிடிக்காத பக்கத்தையும் படித்தாரா, எதிர்பார்த்ததைவிட வேறாக ஏதாவது கண்ணில் பட்டதா என்று பார்த்தால் போதும். ஆறுதல் வசனங்களை மட்டும் அடிக்கோடிட்டு வைத்திருக்கும் விசுவாசியும், கொடூர வசனங்களை மட்டும் சேகரித்து வைத்திருக்கும் நாத்திகரும் என் கணக்கில் ஒரே மதிப்பெண்தான் வாங்குவார்கள். நீங்கள் சலிப்பு, கோபம், தொடுதல் மூன்றையும் ஒரே வாசிப்பில் அனுபவித்திருக்கிறீர்கள். உங்கள் மூவரில் உங்களுக்குத்தான் நான் கூடுதலாகப் போடுவேன்.

மறுபடி படிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். படியுங்கள், ஆனால் ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வேண்டாம். மாற்குவை ஒரே மூச்சில் படியுங்கள், 16 அதிகாரம்தான், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த இயேசு கோபப்படுகிறார், பெருமூச்சு விடுகிறார், அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொந்தக்காரர்களே பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள். 16:8-ல் நிறுத்திவிட்டு, பயந்து ஓடிய பெண்கள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று முடிகிற கதை உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் யோபு. நடுவில் பேச்சுகள் இழுக்கும், 3-ஆம் அதிகாரமும் 38 முதல் 42 வரையும் விடக் கூடாது. அதன் பிறகு சாமுவேலின் இரண்டு நூல்கள், அரசியல் சூழ்ச்சியைச் சொல்வதில் அவற்றுக்கு இணையாகப் பழைய உலகத்தில் அதிகம் இல்லை. அக்காவையும் நண்பரையும் சேர்த்து உட்காரவைத்து ஒரே அதிகாரத்தைப் படிக்க முடிந்தால் இன்னும் நல்லது. முதல் நாள் விவாதம் வேண்டாம். எந்த வரியில் நின்றீர்கள் என்று மட்டும் மூவரும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டு, பிறகு தாள்களை மாற்றிப் பாருங்கள்.